ஒரு கண் மட்டும் அழுதது ஏன்?

எங்கள் தோட்டத்தில் எதிர் லயத்தில் ஒரு பெரியம்மா இருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் அவருக்குக் கண்ணீர் வரும். வெறும் ரசம் சோறாக இருந்தாலும் சரி, தீபாவளிக்கு வாங்கிய ஆட்டுக்கறியாக இருந்தாலும் சரி, முதல் கவளம் வாய்க்குள் போனதும் கண் நிறைந்து கன்னத்தில் வழியும். முந்தானையால் ஒற்றிக்கொண்டே சாப்பிடுவார். இளம் வயதிலேயே கணவரைப் பறிகொடுத்தவர். அதனால், "பாவம், சோத்துல கை வைக்கிறப்பெல்லாம் அவரு நெனப்பு வந்துடுது" என்று எங்கள் அம்மா உட்பட எல்லாரும் சொல்வார்கள். அவர் சாப்பிடும் நேரத்தில் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை.

நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். பெரியம்மாவின் இடது கண் மட்டும்தான் அழும். வலது கண் காய்ந்தபடியே இருக்கும். துக்கம் வந்தால் இரண்டு கண்ணும் அல்லவா அழ வேண்டும்? இதை அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. பெரியம்மாவின் துக்கத்துக்கும் அந்தக் கண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. நம் மண்டையோட்டிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் ஏழாவது நரம்பு செய்த கோளாறு அது. அந்த ஏழாவது நரம்பைப் பற்றி நம் வீடுகளில் தெரிந்திருந்தால் பெரியம்மாவின் கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஏன் நாக்கை நீட்டச் சொல்கிறார்?

மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டோ, தலைசுற்றல் என்றோ ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். டாக்டர் ஒரு விரலைக் காட்டி, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்வார். பல்லைக் கடிக்கச் சொல்வார். புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு, 'ஆ' என்று சொல், தோளைக் குலுக்கு, நாக்கை நீட்டு என்பார். "என்னா இது, டாக்டரு நம்மள வெச்சு வெளையாடுறாரா?" என்று நம்மவர்கள் சிலர் முணுமுணுப்பதும் உண்டு.

விளையாட்டு அல்ல, வாசகர்களே. விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக 'வந்தேன்' சொல்வதில்லையா? அதைப் போல டாக்டர் உங்கள் தலையில் உள்ள நரம்புகளுக்குப் பெரட்டு எடுக்கிறார். எந்த நரம்பு பதில் சொல்லவில்லையோ, கோளாறு அது போகும் வழியில்தான் இருக்கிறது என்று கத்தி வைக்காமலே கண்டுகொள்கிறார்.

கைக்கும் காலுக்கும் போகும் நரம்புகள் முதுகுத் தண்டின் வழியாக இறங்கிப் போகின்றன. முகம், கண், காது, நாக்கு ஆகியவற்றின் நரம்புகளோ மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, மண்டையோட்டில் உள்ள சிறு சிறு துளைகள் வழியாக நேரே வெளியே வருகின்றன. இவற்றையே மண்டை நரம்புகள் என்கிறோம். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் இவை ஏழு ஜோடி என்று எண்ணினார். இன்று நாம் சொல்லும் பன்னிரண்டு என்ற கணக்கையும் வரிசையையும் 1778இல் கொடுத்தவர் ஸோமரிங் என்ற ஜெர்மானியர். அப்போது அவருக்கு வயது 23. மருத்துவப் படிப்பை முடிக்க எழுதிய கட்டுரையில் அதைச் செய்தார்!

பன்னிரண்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவோம்.

முதல் நரம்பு மோப்பத்துக்கு. மூக்கின் உச்சியில் சல்லடை போல ஓர் எலும்பு இருக்கிறது. அதன் கண்கள் வழியாக மெல்லிய நூல்கள் மேலே ஏறி மூளைக்குப் போகின்றன. தலையில் பலமாக அடிபட்டால் அந்த நூல்கள் அறுந்துபோகக் கூடும். பிறகு நெத்திலிக் கருவாடு பொரிவதும் தெரியாது. அடுப்பு கேஸ் ஒழுகுவதும் தெரியாது. இரண்டாவது பார்வைக்கு, ஒவ்வொரு கண்ணிலும் சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட கட்டு.

மூன்று, நான்கு, ஆறு ஆகிய மூன்றும் கண்ணைச் சுழற்றுகின்றன. இவற்றில் மூன்றாவதை மட்டும் நினைவில் வையுங்கள். மேல் இமையைத் தூக்குவதும், கண்மணி வெளிச்சத்தில் சுருங்குவதும் அதன் வேலை. விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு மயக்கம் கூடிக்கொண்டே போய், ஒரு கண்மணி மட்டும் விரிந்து நின்றால், மண்டைக்குள் இரத்தம் கட்டி அந்த நரம்பை நசுக்குகிறது என்று அர்த்தமாகலாம். "தூங்கட்டும், காலையில் பார்ப்போம்" என்று விட்டுவிடக் கூடாத நேரம் அது.

ஐந்தாவதுதான் பன்னிரண்டில் பருத்தது. முகத்தில் ஈ உட்கார்ந்தாலும், பல் வலித்தாலும், கண்ணில் தூசி விழுந்தாலும் சேதி சொல்வது இது. மெல்லும் தசைகளும் இதன் பொறுப்பு. எட்டாவது காதுக்கு; கேட்பதோடு, தடுமாறாமல் நிற்பதற்கும் அதுதான் துணை. ஒன்பதாவது தொண்டைக்கும் நாக்கின் பின்பகுதிச் சுவைக்கும்.

பத்தாவது ஓர் ஊர்சுற்றி. தலையில் புறப்பட்டுக் குரல்வளை, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை போய்விடும். ஊசியைக் கண்டதும் தொப்பென்று மயங்கி விழும் வீராதி வீரர்கள் நம்மில் உண்டல்லவா? அந்த நேரத்தில் இந்தப் பத்தாவது நரம்பு அளவுக்கு மீறி வேலை செய்து இதயத்தை மெதுவாக்கிவிடுகிறது. பதினொன்றாவது கழுத்துக்கும் தோளுக்கும். காண்டா வாளி சுமந்த தாத்தாக்களின் தோளைத் தூக்கிப் பிடித்தது இதுதான். பன்னிரண்டாவது நாக்கை அசைப்பது. அது இல்லாவிட்டால் 'ழ'கரமும் இல்லை, ஊர்வம்பும் இல்லை.

இனி ஏழாவதுக்கு வருவோம்.

சிரிப்பும் கண்ணீரும் போகும் வழி

சிரிப்பது, முகம் சுளிப்பது, புருவம் நெரிப்பது, கண்ணை மூடுவது, விசில் அடிப்பது, பிள்ளைக்கு முத்தம் கொடுப்பது எல்லாம் இந்த நரம்பால்தான். இதோடு, அதிகம் பேர் அறியாத வேலைகளும் இதற்கு உண்டு. கண்ணீர்ச் சுரப்பியை இயக்குகிறது. தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளை இயக்குகிறது. நாக்கின் முன்பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை இதன் வழியாகவே மூளைக்குப் போகிறது. காதுக்குள் இருக்கும் ஒரு சிறு தசையை இறுக்கி, பெரும் சத்தம் உள்ளே புகாமல் தடுப்பதும் இதுதான்.

இத்தனை வேலை செய்யும் நரம்புக்கு வாய்த்த பாதை மிகவும் குறுகியது. மூளைத் தண்டிலிருந்து கிளம்பி, காதைத் தாங்கும் கெட்டி எலும்புக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் நீளச் சுரங்கத்தில் வளைந்து வளைந்து போகிறது. அந்தச் சுரங்கம் மிகக் குறுகிய இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைக் கடந்து காது மடலின் அடியில் வெளியே வந்து, விரித்த கைவிரல்கள் போல ஐந்து கிளையாகப் பிரிந்து முகத்தில் பரவுகிறது.

மழையில் நனைந்து கால் வீங்கிப்போனால், ரப்பர் பூட்ஸ் என்ன செய்யும்? கால் வீங்கும், பூட்ஸ் விரியாது, கால் நசுங்கும். அந்த எலும்புச் சுரங்கத்துக்குள் நரம்பு வீங்கினாலும் அதே கதைதான். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ முகத்தின் அந்தப் பாதி செத்துக் கிடக்கும். இதைத்தான் முகவாதம் என்கிறார்கள். முகத்தை அசைப்பது இந்த நரம்புதான் என்று 1821இல் விளக்கி எழுதிய ஸ்காட்லாந்து மருத்துவர் சார்ல்ஸ் பெல்லின் பெயரே மருத்துவ நூல்களில் இந்த நோய்க்கு நிலைத்துவிட்டது.

இது அபூர்வமான நோயல்ல. லட்சம் பேரில் ஆண்டுக்கு 20 முதல் 30 பேருக்கு வருகிறது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்களுக்கும் கூடுதலாக வருகிறது. உதட்டில் கொப்புளம் போடும் கிருமி இந்த நரம்பில் பல காலம் உறங்கிக் கிடந்து விழித்துக்கொள்வதே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

பெரியம்மாவுக்கு நடந்தது

1972ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்தில் எங்கள் தோட்டம். பெரியம்மா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பால் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் பெரட்டுக்குக் கிளம்பும் முன் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாயால் ஒழுகியது. வரக்காப்பியும் ஒழுகியது. பெரியப்பா விளக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் மூடவில்லை.

முதல் நாள் பொழுது சாய்ந்த பிறகு ஆற்றோரம் விறகு பொறுக்கப் போயிருந்தாராம். அவ்வளவு போதாதா? "முனி அறைஞ்சிருச்சு" என்று லயம் முழுக்கப் பேச்சு. வயிற்றுப் பிள்ளைக்காரி என்பதால் பயம் இன்னும் அதிகம். வேப்பிலை அடித்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மூன்று நாள் ஆன பிறகுதான் தோட்டத்து டிரஸ்ஸரிடம் கூட்டிப் போனார்கள். அவர் மாத்திரை கொடுத்துவிட்டு, "கண்ணப் பாத்துக்குங்கம்மா, தூசி படக்கூடாது" என்று மட்டும் சொன்னாராம். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் பெரியம்மா மறுபடி நிரைக்குப் போனார். மூடாத கண்ணோடு மரப்பட்டைத் தூளிலும் கொசுவர்த்திப் புகையிலும் வேலை. இரவிலும் அந்தக் கண் திறந்தபடியே காய்ந்தது. கடைசியில் கருவிழியில் புண்ணாகிப் பூ விழுந்துவிட்டது.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. வாயும் சில மாதங்களில் ஓரளவு நேரானது. கண்ணில் விழுந்த பூ மட்டும் போகவில்லை. அப்புறம்தான் அந்தக் கண்ணீர் தொடங்கியது. 1974இல் பெரியப்பா மரம் சாய்ந்து காலமானார். ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது.

உண்மையில் நடந்தது இதுதான். சிதைந்த நரம்பு இழை நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மெல்ல மெல்ல மறுபடி வளரும். பெரும்பாலும் சரியான இடத்தையே போய்ச் சேரும். சில சமயம் வழி தவறிவிடும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய இழைகள் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்ப் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வயரிங் மாற்றிக் கொடுத்த வீட்டில் சமையலறை சுவிட்சைப் போட்டால் வாசல் விளக்கு எரியும் அல்லவா, அப்படித்தான். சோற்றைக் கண்டு வாய் ஊற வேண்டிய நேரத்தில் கண் ஊறுகிறது. நரம்பு கெட்ட பக்கத்துக் கண் மட்டும் ஊறுகிறது. மருத்துவர்கள் இதற்கு 'முதலைக் கண்ணீர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியம்மாவை நினைத்தால் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை.

நெற்றியைப் பாருங்கள்

இன்று தோட்டத்தில் இருப்பவர்களும், தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டவர்களும், வாய் கோணினால் முதலில் பயப்படுவது பக்கவாதத்துக்குத்தான். அந்தப் பயம் நியாயமானதே. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் உத்தரவு வருகிறது. ஆகவே மூளையின் ஒரு பாதியில் இரத்தம் அடைபட்டு வரும் பக்கவாதத்தில், வாய் கோணினாலும் நெற்றியைச் சுருக்க முடியும். முகவாதத்திலோ நரம்பே கெட்டுப்போவதால் நெற்றியும் அந்தப் பக்கம் வழவழவென்று இருக்கும், புருவம் ஏறாது, கண் மூடாது.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். நெற்றி அசையவில்லை, ஆகவே பக்கவாதம் இல்லை என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மூளைத் தண்டில் வரும் சிலவகைப் பக்கவாதம் முகவாதம் போலவே வேடம் போடும். வாய் கோணுவதோடு ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ 999க்கு அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முகவாதம்தான் என்று டாக்டர் உறுதி செய்தாலும் நேரம் முக்கியம். ஸ்காட்லாந்தில் 551 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. பிரெட்னிசோலோன் என்ற மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் மூன்று மாதத்தில் 100க்கு 83 பேர் முழுக்கக் குணமானார்கள்; அதைச் சாப்பிடாதவர்களில் 64 பேர். ஒன்பது மாதத்தில் அது 94 பேர், 82 பேர். மாத்திரை இல்லாமலே பலர் தேறிவிடுகிறார்கள் என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. அதனால்தான் வேப்பிலைக்கும் கயிற்றுக்கும் இவ்வளவு பேர் கிடைத்தது! சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. கும்பிட்டுவிட்டு அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குக் கிளம்புங்கள். மூன்று நாள் காத்திருந்தால் அந்த 72 மணி நேரம் கோயில் வாசலிலேயே கழிந்துவிடும். இந்த மாத்திரை இனிப்பு நீரைக் கூட்டும். அந்த வியாதி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ கொப்புளம் இருந்தால் அதையும் காட்டுங்கள்; அது அம்மைக் கிருமியின் வேலையாக இருக்கலாம், மருந்து வேறுபடும்.

அடுத்தது கண். கண் சிமிட்டும்போதெல்லாம் இமை கருவிழியைத் துடைத்து ஈரமாக்குகிறது. அது நின்றுபோனால் கருவிழி வெயிலில் காயும் பால் சீட்டு மாதிரி ஆகிவிடும். 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழுநோயும் இந்த ஏழாவது நரம்பின் கிளைகளைத் தாக்கி இமையை மூடவிடாமல் செய்யக்கூடியது. அந்த நோயாளிகள் பார்வை இழப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

எனவே கண் மூடாதவர் பகலில் டாக்டர் தரும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை அடிக்கடி விட வேண்டும். வெளியே போனால் கண்ணாடி போட வேண்டும். இரவில் களிம்பு தடவி, இமையை விரலால் மெல்ல மூடி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஒட்டுத் துணியால் ஒட்டிவிட்டுப் படுக்க வேண்டும். ஒட்டும்போது கண் உள்ளே திறந்திருக்கக் கூடாது. துணி கருவிழியை உராய்ந்தால் அதுவே புண்ணாக்கும். முதல்முறை கிளினிக்கில் உள்ள தாதியைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ மறுநாள் வரை வைத்திருக்க வேண்டாம். பெரியம்மாவுக்கு யாராவது இந்த ஒட்டுத் துணியைக் காட்டியிருந்தால் போதும்.

முதலைக் கண்ணீருக்கும் இன்று மருத்துவம் இருக்கிறது. கண்ணீர்ச் சுரப்பியில் ஓர் ஊசி போட்டுச் சில மாதங்களுக்கு அதை அடக்கி வைக்கிறார்கள். பெரியம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண விருந்தில் அவருடைய மகளைச் சந்தித்தேன். அன்று வயிற்றில் இருந்த அதே பிள்ளை. இப்போது ஐம்பதைத் தாண்டியவர். பக்கத்தில் உட்கார்ந்து பழங்கதை பேசியபோது, ஏழாவது நரம்பைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எல்லாம் சொன்னேன். அவர் இலையில் கை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா அம்மா சாப்பிடறப்ப அழலையாண்ணே?"

"இல்லம்மா. அது நரம்புக் கோளாறு."

"அழறதப் பாக்க முடியாதுன்னு, அவங்க சாப்பிட ஒக்காந்தா நான் எந்திரிச்சு வெளிய போயிடுவேன். சின்னதுலேர்ந்தே அப்படித்தான். ஒருநாள்கூட அவங்களோட ஒக்காந்து சாப்பிட்டதில்ல" என்றார்.